இருபது கிலோவுக்குக் கீழே

செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில் எனக்கு வேலை.
குலையோடு உள்ளே வரும் லோரி,
வெறுமையாய் வெளியே போகும் லோரி,
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான்
தோட்டத்துக்கு வருமானம்.
திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.

லாபிஸுக்கு மாற்றலாகி வந்த முதல் திங்கள்
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் உள்ள
சாப்பாட்டுக் கடைகளை எண்ணினேன். ஏழு.
வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால்
இரண்டாவது சம்பளத்துக்குள்
ஊர் நாக்குக்குப் பழகிவிடும் என்று கணக்கு.

காதர் காக்கா கடையில் ரொட்டி சானாய்.
வீசியதில் ஓரம் கிழிந்து
மடித்து மறைத்தான் பையன்.
நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.
பருப்புக் குழம்பு இரண்டு கரண்டி கூடுதல்.

ரெங்கநாயகி அக்காவிடம் வாழை இலை.
"எந்த டிவிசன்?" என்றார் சோற்றுக்கு முன்.
"யார் வீட்டுப் பொண்ணு?" ரசத்துக்கு முன்.
மோர் வரும்போது "கல்யாணம்?"
இலையை மடித்து எழுந்தேன்.
ஆனால் அந்தக் கருவாட்டுச் சம்பல் இருக்கிறதே,
அதற்காக இன்னும் மூன்று கேள்விக்குக்கூடப்
பதில் சொல்லலாம்.

ஆ லெங் கோப்பிக் கடையில்
பளிங்கு மேசையில் முட்டி இடித்தால்
அவர் தமிழில் திட்டுவார்.
பழைய லயத்துத் தமிழ்,
அப்பா வாயிலும் நான் கேட்டிராத சொற்கள்.
அன்று குடித்த கோப்பி
இரவு இரண்டு மணி வரை
என்னோடு விழித்திருந்தது.

நான்காவது, ஐந்தாவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
ஒன்றில் மீ கோரேங் இனித்தது.
மற்றதில் தொலைக்காட்சிதான் பெரிது.

காக் நோர்மாவின் நாசி லெமாக்
பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்.
நான் போனது பத்தே கால்.
அடுத்த திங்கள் ஒன்பதரை: ஒரே ஒரு பொட்டலம்,
அதையும் தபால்காரர் என் தோளுக்கு மேலாகக்
கை நீட்டி எடுத்துக்கொண்டார்.
மூன்றாம் முறை அலாரம் வைத்து எழுந்தேன்,
விடுமுறை நாளில், இருட்டில்.
"அந்தப் பத்தே கால் நீதானே?"
மலாயில் கேட்டுவிட்டு
முட்டையை முழுதாக வைத்தார்.

ஏழாவது, கோயில் சந்துக்குள்.
நீலத் தகரக் கூரை, பெயர்ப்பலகை கிடையாது.
வீரப்பெருமாள் கடை என்றார்கள்.
ஆட்டுக்குடல் பிரட்டலுக்காக
சிகாமட்டிலிருந்துகூட வருவார்களாம்.
கதவில் சாக்பீஸில்: திங்கள் விடுமுறை.
மற்ற நாளில் ஏழு முதல் ஏழு வரை நான் பாலத்தில்.
கடையோ மூன்று மணிக்கு மூடிவிடும்.

ஐந்து திங்கள் போய்ப் பார்த்தேன்.
மழையில் எழுத்து மங்கினால்
யாரோ திரும்பத் தீட்டியிருப்பார்கள்.
சங்கிலி போட்ட நாற்காலிகள், ஒரு பூனை.
மசாலா வாசனை மட்டும்
விடுமுறை எடுக்காமல் சந்தில் நின்றது.

விசயம் ஊருக்கே தெரிந்துபோனது.
"ஏழாவது கெடச்சிச்சா?" என்கிறார் ரெங்கநாயகி அக்கா,
கல்யாணத்தை அடியோடு மறந்து.

நேற்று, வியாழன்,
மூன்றாம் டிவிசன் லோரி பாலத்தில் ஏறி நின்றது.
சேவியர் அண்ணன் சன்னல் வழியே
செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.
"கொடல் பெரட்டல். இது லஞ்சம் இல்லம்மா,
நாலு வெள்ளி அம்பது காசு எடு."

லோரி நகர்ந்ததும்
வெறும் பாலத்தின் நடுவில் போய்
பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடி வந்தேன்.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும்
இந்தப் பாலம் எடையென்று ஒப்புக்கொள்வதில்லை.
திரையில் சுழி, சுழி, சுழி.
பத்து வாரம் அலைந்த அலைச்சலுக்கு
ஆலையின் கணக்கில் அவ்வளவுதான்.

மாடியிலிருந்து சூப்பர்வைசர் ஹக்கிம்
எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.
பாதி அவருக்குப் போயிற்று.

குடல் பதமாக வெந்திருந்தது.
மிளகு சரி, கறிவேப்பிலை மொறுமொறு.
உப்பு மட்டும் ஒரு சிட்டிகை தூக்கல்.
வீரப்பெருமாளிடம் நேரிலேயே சொல்ல வேண்டும்,
ஏதாவது ஒரு திங்கட்கிழமை.